ஒரே ஒரு வரிதான்

சைக்கிள் மாஸ்டர் அச்சுக்கடைக்குள் வந்து "ஒரே ஒரு வரிதாம்மா" என்று ஆரம்பித்தாலே, அங்கே பக்கம் வடிவமைக்கும் அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள். மனுஷன் தங்கமானவர். எப்பேர்ப்பட்ட கோணல் சக்கரத்தையும் நிமிர்த்திவிடுவார். ஆனால் தான் எழுதிய புத்தகத்தை மட்டும் சும்மா விடமாட்டார்.

சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் படம். லேஅவுட் அவள் கையால் செய்தது. எட்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், எழுத்தெல்லாம் கீழே இறங்கிவிடும்; படங்கள் மட்டும் இடித்த புளி மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் அவள் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக மவுஸால் இழுத்து அதனதன் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடவேண்டும். கடைசிப் பக்கம் முடிந்து முதுகை நிமிர்த்தினால், வாசலில் மாஸ்டர். ஒரே ஒரு வரியாம்!

முதல் பதிப்பில் இப்படித்தான் மானம் போனது. கடைசி நேரத்தில் சேர்த்த ஒரு வரியால் பிரேக் கழற்றும் படம் நழுவி, செயின் மாட்டும் பாடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துச் செயின் மாட்டிய ஒரு வாத்தியார் பிரேக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜம்மென்று ஏறி மிதித்து, நேராக வேலிக்குள் போய் விழுந்தார். நல்லவேளை, சட்டை கிழிந்ததோடு போயிற்று. ஆனால் தெருவே சிரித்தது. இரண்டாம் பதிப்பின் ப்ரூஃபில் மாஸ்டர் முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவை எடுத்து, 'பக்க வடிவமைப்பு' என்ற வரியை அவள் பெயரோடு சேர்த்து ஒரே இழுப்பாக அடித்துக் கொடுத்தார்.

"கோவம் எல்லாம் இல்லம்மா. ஆனா இந்தத் தடவை ஒரு படம் தப்பினாலும் நான் எதிர்க்கடைக்குப் போயிடுவேன். என் பேரும் அதுல இருக்குல்ல?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் பாதிப் பேருக்குப் புத்தகம் செய்து கொடுத்தவள் அவள். தன் பெயர் அச்சில் ஏறியது அந்த ஒரே புத்தகத்தில்தான்.

படத்தை எழுத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு வழி பண்ணுங்கள் என்று லேஅவுட் மென்பொருள் செய்த கம்பெனிக்கு அவள் எழுதாத மாதம் இல்லை. பின்னறையில் அச்சு மெஷின் ஓட்டும் கொழுந்தன் கிண்டல் செய்வான்: "அண்ணி, உங்க மெயிலைப் பார்த்தாலே அவங்க கம்பெனியைப் பூட்டிட்டு ஓடிடுவாங்க."

ஓடவில்லை. இன்று காலை பதில் வந்துவிட்டது. மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுமுன் சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா, நீங்கள் கேட்டதும் அதில் இருக்கிறது என்று.

"தம்பி! மெஷினை நிறுத்திட்டு ஓடி வா!"

அவள் போட்ட சத்தத்தில் கையை எங்கோ கொடுத்துவிட்டாள் என்று பயந்து அவன் மை துடைக்கும் துணியோடு ஓடிவந்தான். வந்து படித்துவிட்டு, "முதல்ல கடைசி வரியைப் பாருங்க. நிஜ வேலையை இதுல செய்யாதீங்கன்னு போட்டிருக்கு" என்றான்.

"நகல் எடுத்துட்டுத்தான் திறக்கப் போறேன். எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. புதிய பதிப்பு திறந்ததும் எல்லாப் பொத்தானும் இடம் மாறிக் கிடந்தது. அடுத்த வீட்டு அடுப்படியில் உப்பு டப்பாவைத் தேடுவதுபோல் தேடினாள். சைக்கிள் புத்தகத்தின் நகலைத் திறந்தாள். பிரேக் படத்தைத் தொட்டதும் ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி தெரிந்தது. அதை இழுத்து 'பிரேக் கழற்றுதல்' என்ற வரியில் மாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே ஒரு வரி அடித்தாள்.

எழுத்து இறங்கியது. படமும் கூடவே இறங்கியது.

"அம்மாடியோவ்!"

"ஒரு வரியில என்ன தெரியும்? தள்ளுங்க" என்று கொழுந்தன் விசைப்பலகையைப் பிடுங்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக அடித்தான். பிரேக் படம் வரியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது, அதற்கடுத்த பக்கத்துக்கும் போனது. எல்லாவற்றையும் அழித்தான், சமர்த்தாகத் திரும்பி வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"நான் கேட்டதைக் காதுல வாங்கியிருக்காங்க, தம்பி!"

சாப்பாட்டை மறந்து எல்லாப் படத்துக்கும் கொக்கி மாட்டி முடித்தாள். ஒரு ப்ரூஃப் எடுத்து வா என்று அவனைப் பின்னறைக்கு அனுப்பினாள். போனவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தாளிலும் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காகச் சாம்பல் நிறத்தில் 'சோதனைப் பதிப்பு' என்று அச்சாகியிருந்தது. முழுப் பதிப்பு அடுத்த மாதம் வந்தால்தான் அது போகும். மாஸ்டரையோ இன்றைக்கு வரச் சொல்லியிருந்தது. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஒரே ஒரு வரிதாம்மா" என்று வாசலில் குரல் கேட்டது.

கொழுந்தன் தாள்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "பழைய ஃபைலைக் காட்டிச் சமாளிச்சிடுங்க அண்ணி" என்று காதில் கிசுகிசுத்தான்.

அவளுக்கு வேலிக்குள் விழுந்த வாத்தியார் ஞாபகம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க மாஸ்டர். உங்க வரியை நீங்களே அடிங்க. எங்க வேணாலும் அடிங்க."

மாஸ்டர் சந்தேகத்தோடு ஒற்றை விரலால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அடித்தார். "பிரேக் எங்க?" காட்டினாள், அதன் பாடத்தில்தான் இருந்தது. பத்தாம் பக்கத்தில் அரைப் பக்கத்தை வெட்டினார். "இப்ப எங்க?" அங்கேயேதான். மனுஷனுக்குக் குஷி பிறந்துவிட்டது. சேர்த்தார், வெட்டினார், செயின் பாடத்தையே தூக்கி முன்னால் போட்டார். படங்கள் ஒன்றுகூட வழிதவறவில்லை.

"அடி சக்கை! இதை அப்படியே அச்சடிம்மா!"

அவள் கொழுந்தனின் கையிலிருந்து தாள்களை வாங்கி அவர் முன்னால் வைத்தாள். "முடியாது மாஸ்டர். இது சோதனைக்கு வந்தது, குறுக்க இப்படித்தான் விழும். முழுசு அடுத்த மாசம்தான் வருது. பழையதுல வேணும்னா இன்னைக்கே அடிச்சுத் தரேன். ஆனா ஒரு படமும் நழுவாதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் தாளையும் பார்த்தார், ஜன்னல் வழியே எதிர்க்கடையையும் பார்த்தார்.

"அவன்கிட்ட எது இருக்கு?"

"எங்ககிட்ட இருக்கிற அதே பழசுதான்" என்றான் கொழுந்தன் முந்திக்கொண்டு.

மாஸ்டர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "புது பிரேக் மாட்டினா நானே காலி ரோட்டுல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கஸ்டமர் கையில குடுப்பேன். நீயும் அதைத்தானே பண்ணியிருக்கே. ஒரு மாசம் என்ன, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவள் மூச்சு விடுவதற்குள் வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒரே ஒரு வரிதாம்மா."

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் முதல் தடவையாகத் தலையில் கை வைக்கவில்லை. "ஒண்ணு என்ன மாஸ்டர், ஒன்பது சொல்லுங்க!"

"முன்னுரைக்குக் கடைசியில போடு. சிவப்புல அடிச்சேனே, அந்த வரி."

அவள் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. தன் பெயரையே இரண்டு தடவை தப்பாக அடித்து, அழித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தாள். முன்னுரை அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. புத்தகம் முழுக்க ஒரு பக்கம் நகர்ந்தது, படங்கள் எல்லாம் கூடவே போயின.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பேரைக் கொஞ்சம் பெருசாப் போடும்மா. கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"