வாசலை மூடிய காற்று

"ஜன்னலை எல்லாம் உடைங்கப்பா, புகை வெளிய போகட்டும்!"

நாங்கள் தீயணைப்பு வண்டியில் இருந்து இறங்கும்போதே ஒருவர் கடப்பாரையை ஓங்கி நின்றார். ஏர்வாடியில் கடலைப் பார்த்த நீள வீடு. முன்வாசலில் இருந்து ஒரே நடை, கடைசியில் அடுக்களை. அங்கேதான் தீ. நடை முழுக்கக் கரும்புகை தரைவரை இறங்கியிருந்தது.

"நடு ரூம்ல என் தங்கச்சி மலிகா இருக்கு சார்," என்றார் வீட்டுக்காரர் பாக்கர். போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. "மச்சான் மௌத்தானதுல இருந்து இத்தா இருக்கு. கதவச் சாத்தி, அடியில ஈரத்துணி வச்சிருக்காம்."

"அப்படியே இருக்கச் சொல்லுங்க. நான் தட்டுற வரைக்கும் தொறக்கக் கூடாது."

இத்தா என்றால், கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் துக்கம் காக்கும் காலம். அவளுக்கு அதற்கென ஓர் அறையும் முடியும் நாளும் இருந்தன. என் மனைவி யுவராணி இறந்து போன பிறகு எனக்கு ஷிப்ட் மட்டும் இருந்தது.

அவர் ஓங்கிய கடப்பாரையைப் பிடித்து நிறுத்தினேன். பக்க ஜன்னல்களை உடைத்தால் நாங்கள் தள்ளும் காற்று வழியிலேயே சிதறிவிடும். தீ இருக்கும் இடத்தில் ஒரே ஒரு வழி போதும். பின்சந்தில் எங்கள் ஆள் முத்துகிருஷ்ணன் அடுக்களை ஜன்னலை மட்டும் உடைத்தான். "தொறந்தாச்சு. பின்னால ஆளில்ல," என்றது வாக்கி டாக்கி.

என்னோடு நின்ற உக்கிரபாண்டி பெரிய ஃபேனை நிலைப்படியை ஒட்டி வைத்து ஓடவிட்டான். வாசலின் மேல்பாதியில் புகை திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது.

"ஏலே, கல்யாண வீட்டு ஃபேனா அது? பின்னால இழு," என்றேன்.

இழுத்தோம்.

"பாருங்கடா, பயந்து பின்வாங்குறானுக!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பாக்கர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உள்ள உசுரு கிடக்கு சார்!"

நிலையின் மேல் மூலையில் இன்னும் புகை கசிந்தது. "இன்னும் கொஞ்சம்," என்றேன். ஃபேன் ஓர் ஆள் நீளம் பின்னால் வந்ததும் காற்று விரிந்து நிலை முழுவதையும் மூடியது. புகை தயங்கியது. பிறகு உள்ளே திரும்பி ஓடியது.

"வருது!" முத்துகிருஷ்ணன் கத்தினான். "பனமர ஒசரத்துக்கு வெளிய வருது!"

முதலில் தரை தெரிந்தது. பிறகு ஒரு ஜோடிச் செருப்பு. பிறகு நடு ரூமின் பச்சைக் கதவு. முதுகில் காற்று தள்ள, ஹோஸோடு உள்ளே போனோம். உக்கிரபாண்டி அடுக்களைத் தீயில் தண்ணீரை அடிக்க, நான் கதவைத் தட்டினேன்.

"மலிகாம்மா, தொறங்க. புகை போயிருச்சு."

இருமல். பிறகு குரல். "வெளிய ஆம்பளைங்க நிறைய நிக்கிறாகளா?"

சிரித்துவிட்டேன். முகமூடிக்குள் அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"தெருவே நிக்குது. நடந்து வருவீங்களா?"

"காலு நல்லாத்தானே இருக்கு."

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் கடப்பாரைக்காரர் திரும்பிக்கொண்டார். அடுத்தவர். அதற்கடுத்தவர். தெருவில் இருந்த அத்தனை ஆண்களும் வீட்டுக்கு முதுகு காட்டி நின்றார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவே, கடல் காற்றை வாய் திறந்து இழுத்தபடி, அவள் நடந்துகொண்டிருந்தாள்.