மிதவை சொன்ன முப்பது

"கண்ணாடி பொய் சொல்லுமா, பாப்பா?" என்று பங்களா அப்பு அழகர் ஒரு முறை என்னிடம் கேட்டார். கடை நிறைய ஆட்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை எந்தக் கேள்விக்கும் வாய் திறக்காததால்தான் என் படிப்பை நிறுத்தினார்கள். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அவர் கேட்டது அப்பா கொழும்பிலிருந்து வரவழைத்த மிதவையைப் பற்றி. ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் ஈயக் குண்டு. கழுத்தில் எறும்பு வரிசைபோலப் பொடி எண்கள். உயரமான ஜாடியில் சாராயத்தை ஊற்றி இதை விட்டால், சரக்கு வீரியமாக இருந்தால் ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே ஏறி நிற்கும். நூறு பங்கில் எத்தனை பங்கு போதை என்பதை அது நிற்கிற இடத்து எண் சொல்லும். தவறணை என்கிற சாராயக் கடைகளைச் சோதிக்க வருகிற அதிகாரிகளிடம் இப்படி ஒன்று இருந்தது. ஆகவே அப்பாவிடமும் ஒன்று இருக்க வேண்டியதாயிற்று.

அப்பா, வடிவேல் முதலாளி, பதுளைக் கடைவீதியில் மளிகையும் சீமைச் சரக்கும் விற்றார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு தவறணையும் இருந்தது. மிதவையின் எண்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டால் முதலாளிக்கு வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும். ஆகவே ஜாடியை வீட்டுக் கதவருகே, அரிசிப் பெட்டியின் மேல் வைத்தார். நான் கதவிடுக்கில் நின்று எண்ணைப் பார்த்து மெல்லச் சொல்வேன். அவர் ஒரு முறை இருமிவிட்டு, தானே கண்டதுபோல் அறிவிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. பிராந்தி நாற்பத்து நான்கு. களுத்துறைச் சாராயம் நாற்பத்து மூன்று. பிராந்தி குடிக்கிற பெரிய கங்காணிக்கு முகம் சுண்டிவிட்டது.

"லயத்துல கூலிக்காரன் குடிக்கிறதுக்கும் நான் குடிக்கிறதுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசமா?" என்றார்.

"அந்த ஒரு புள்ளிதாங்க மரியாதை," என்று அப்பா அவருக்கு இன்னொரு போத்தலை விற்றார்.

தோட்டத்துக் கிளாக்கர் ஜெயராசா வயிற்றுக்காகக் குடிக்கும் டானிக் வைனில் மிதவை இறங்கவே மறுத்தது. "மருந்துதான்னு நான் சொன்னா வீட்டுல நம்பமாட்டேங்குறா," என்று அவர் அங்கேயே இரண்டு போத்தல் வாங்கினார். இனிப்பு மிதவையைத் தூக்கிவிடும் என்பதை நான் அடுப்படியில் சர்க்கரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கித்துல் மரத்துக் கள்ளிலும் மிதவை ஏறியே நின்றது. "இதுல ஒண்ணும் இல்ல," என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அதை நம்பிய ஒருவர் அந்த ஒன்றும் இல்லாததை மூன்று போத்தல் குடித்துவிட்டு, வாசலைத் தேடிக் கடைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினார்.

எங்கள் தவறணைச் சாராயத்தை மட்டும் அப்பா அளக்கவேயில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து விஸ்கிப் பெட்டி வந்தால், மறுநாள் பின்னறையில் அரக்கு உருகும் மணம் வரும். அன்றைக்கு அம்மா ஒரு பானை தேயிலைச் சாயம் கொதிக்கவைப்பார். இத்தனை சாயம் யார் குடிக்க என்று நான் கேட்டதில்லை.

அழகர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தோட்டத்துத் துரை பங்களாவில் சமையலும் மேசையும் பார்க்கிற அப்பு அவர். வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பூட்டியிருந்தார். கூடையில் துணி சுற்றிய இரண்டு விஸ்கிப் போத்தல்கள்.

"முதலாளி, நீங்கதான் காப்பாத்தணும். தொரையோட கூட்டாளி நமுனுகுலயிலருந்து வந்தாரு. ஒரு வாய் குடிச்சிட்டு, இது என்ன தண்ணியான்னு கேட்டுட்டாரு. நான்தான் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி வச்சேன்னு தொரை சொல்றாரு. நாளைக்கு வேலைய விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டக் குடுத்து அனுப்பிருவாராம். இருவத்திரெண்டு வருசமா அந்த மேசைக்கு நிக்கிறேங்க."

"குடிச்சியா?" என்றார் அப்பா.

"தொட்டதில்லைங்க."

"எல்லா அப்புவும் இதத்தான்யா சொல்றான்," என்றார் ஜெயராசா.

அழகர் அவர் பக்கம் திரும்பவில்லை. "இது ஒடச்ச போத்தல். இது அதே பெட்டியில இருந்த, சீல் ஒடைக்காத போத்தல். ரெண்டும் நம்ம கடைச் சரக்கு. ரெண்டையும் அளந்து தொரைக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. ஒடச்சதுல மட்டும் தண்ணி இருந்தா நான் கள்ளன்."

"சீல் வச்சத எதுக்கு ஒடைக்கணும்? சீமையிலேயே அளந்துதான அனுப்புறான்."

"ஒடைக்கச் சொல்லித்தாங்க தொரை குடுத்து விட்டாரு."

"ஒடைங்க முதலாளி, நாங்களும் பாக்குறோம்," என்றார் ஜெயராசா. அவருக்குப் போத்தல் திறந்தால் போதும்.

முதலில் உடைத்த போத்தல். "முப்பது," என்று நான் முணுமுணுத்தேன். அப்பா இருமினார். "முப்பது." கூட்டம் உச்சுக் கொட்டியது. ஜாடியைக் கழுவித் துடைத்து, சீல் வைத்த போத்தலை உடைத்து ஊற்றினார்கள். மிதவை இறங்கி, ஆடி, நின்றது.

"முப்பது," என்றேன்.

இந்த முறை அப்பாவின் இருமல் நீண்டது. "நாப்பத்தி நாலு," என்றார்.

அழகர் குனிந்து ஜாடியைப் பார்த்தார். "ரெண்டு தடவையும் இதே கோட்டுலதான நின்னுச்சு, முதலாளி?"

"உனக்குக் கோடு தெரியுமா, நம்பர் தெரியுமா? முட்டை அவிக்கிற வேலன்னு நெனச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அழகர் கதவிடுக்கைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அதுக்குப் பேச வராது," என்றார் அப்பா. "எழுதத்தான் வரும். பாப்பா, இங்கிலீசுல எழுது. ஒடச்சது முப்பது, சீல் வச்சது நாப்பத்தி நாலு. நம்பராப் போடாத, எழுத்தாவே எழுது. நம்பரா இருந்தா வழியில எவனாவது திருத்திருவான்."

அப்பாவுக்கு எண்களைப் படிக்கத் தெரியும். ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. கடைக்குள் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜெயராசா. அவரோ, "இத என்ன கொட்டவா போறீங்க?" என்று கேட்டு, ஜாடியில் இருந்ததைத் தம்ளருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் தாளைக் கதவில் வைத்து எழுதினேன். உடைத்த போத்தல், முப்பது. சீல் வைத்த போத்தல், முப்பது.

அப்பா தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்து, தலையை ஆட்டினார். அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். அதே பின்னறை அரக்கை உருக்கிக் கடை முத்திரையையும் அமுக்கினார்.

அழகர் தாளை வாங்கினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் துரைக்கு வருகிற தபாலையும் சின்னத் துரைக்கு வருகிறதையும் தினமும் எழுத்தின் உருவம் பார்த்துப் பிரிக்கிறவர். அவர் கண் முதல் வரியின் கடைசிச் சொல்லில் நின்றது. பிறகு இரண்டாம் வரியின் கடைசிச் சொல்லில் நின்றது. திரும்ப மேலே போனது. பிறகு கதவைப் பார்த்தார். நான் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

தாளை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துப் பூட்டினார். போத்தல்களைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தார்.

"தொரைகிட்ட நம்ம கடையப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு, அப்பு," என்றார் அப்பா.

அழகர் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார்.