ஜெஸிந்தா வீட்டு எஃப் ஷார்ப்

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெஸிந்தாவின் வீட்டில் ஆரம்பித்த எஃப் ஷார்ப் சுரம் புதன்கிழமையும் நிற்கவில்லை. முன்னறையில், ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே, ஆள் உயரத்தில் அது ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரைக் கழற்றி மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். சுரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தப்பு தன் பேரில் என்பதால் அதைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஜெஸிந்தா தூத்துக்குடியில் கடலோரத்து மாதா கோயில் ஒன்றில் பாடகர் குழுவை நடத்துகிறவள். யார் யார் எந்த மெட்டைப் பாட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் மிடி ஃபைலாக எழுதி, அதை ஒலியாக மாற்றி, அவரவர் போனுக்கு அனுப்பிவிடுவாள். மிடி ஃபைலுக்குள் சத்தம் என்று ஒன்றும் கிடையாது. இந்தச் சுரத்தை ஆரம்பி, இந்தச் சுரத்தை நிறுத்து என்ற உத்தரவுகள்தான் இருக்கும். கல்யாண வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏவிக்கொண்டிருக்கும் பெரியப்பா மாதிரி, தானாக ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. வேலையெல்லாம் செய்வது ஒரு கம்ப்யூட்டர் நிரல். அதற்குப் பட்டன் கிடையாது, படம் கிடையாது, வெறும் கறுப்புத் திரை. ஒரு வரி அடித்தால் வாசிக்கும். அதே வரியில் சின்னதாக ஒன்றைச் சேர்த்து அடித்தால் வாசிக்காமல் ஒலி ஃபைலாக மாற்றி வைத்துவிடும். முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது. அடுத்த வரியில் ஒரு கோடு மினுங்கும், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் திருவிழாப் பாட்டு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கப்பலிலிருந்து அவள் புருஷன் கிளீட்டஸ் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றான். அவ்வளவுதான், ஜெஸிந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாட்டின் வால் அநாவசியமாக நீளுகிறது என்று தோன்றியது. ஒரே நறுக்காக நறுக்கினாள். நறுக்கிய துண்டோடு கடைசிச் சுரத்தை நிறுத்துகிற உத்தரவும் போய்விட்டது. வீட்டைத்தான் சுத்தம் செய்கிறோமே என்று கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையையும் கையோடு காலி செய்தாள். பிறகு பாட்டை வாசிக்கவிட்டாள்.

பக்கத்து வீட்டு மரிய பாக்கியம் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"புல்லாங்குழலா தாயி?"

"இல்லக்கா. ஆர்கன்."

"அப்ப கஷ்டம்தான்" என்றாள் அக்கா.

கஷ்டம்தான். பியானோவாக இருந்தால் தானே தேய்ந்து ஓய்ந்திருக்கும். குழலாக இருந்தால் என்றைக்காவது மூச்சு முட்டும். ஆர்கனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. நிறுத்து என்று யாராவது சொன்னால்தான் நிற்கும்.

வேறு வாரமாக இருந்தால் ஜெஸிந்தா அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். வருகிறவன் கிளீட்டஸ். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை அவனுக்கு. வருஷத்தில் முக்கால்வாசி அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடக்கிறவன். போன லீவில் அவன் வந்திருந்தபோது எதிர்வீட்டில் போர்வெல் போட்டார்கள். பாதி லீவிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான். மத்தியானத்துக்கு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசலில் டாக்ஸி நின்றது. அந்தக் குழம்பை அவள் தொடவே இல்லை. என் வீட்டில் ஒரு மாசம் முழுசாக இருக்க முடியாத மனுஷனைக் கட்டிக்கொண்டேனே என்று அழுதாள். இந்த முறை எப்படியாவது அவனைக் கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். சேவலைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். கடகடக்கிற மின்விசிறியை மாற்றினாள். எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டு இந்தச் சுரத்தைத் தானே கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாள். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

நிறுத்து என்ற உத்தரவைப் புதிதாக உண்டாக்க முடியாது. ஓர் ஆரம்பத்துக்கு ஒரு முடிவு, அதுதான் கணக்கு. தொலைத்தவர்கள் வேறெங்கிருந்தாவது வாங்கித்தான் ஆக வேண்டும். அதுவும் எஃப் ஷார்ப்பில் முடிகிற ஒன்றாகப் பார்த்து வாங்க வேண்டும், மற்றது ஒட்டாது. ஜெஸிந்தா நாள் முழுக்கத் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். ஆட்டோ ஹாரன் ஜி. இஸ்திரிக்காரர் இருமல் டி, அதுவும் நிலையாக இல்லை. சாயங்காலம் மரிய பாக்கியம் அக்காவின் கிரைண்டர் நின்றபோது அதன் கடைசி உறுமல் அப்படியே எஃப் ஷார்ப்பாக இருந்தது.

"எடுத்துக்கோ தாயி. மாவுதானே" என்றாள் அக்கா.

ஃபைலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜெஸிந்தா கிரைண்டரின் பெயரை அடித்தாள். நிரல் அதை மிடியாக மாற்றித் தந்தது. அதன் வாலிலிருந்து முடிவை வெட்டி எடுத்துத் தன் பாட்டின் வாலில் ஒட்டினாள். கோடு மினுங்கியது. முன்னறை அமைதியாயிற்று. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்தாள்.

பக்கத்து வீட்டில் கிரைண்டர் நிற்காமல் ஓடியது. மாவு வெண்ணெயாயிற்று, பிறகு பாலாயிற்று. மறுநாள் காலையில் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"மாவு தண்ணியாச்சு, தாயி. தண்ணியும் இப்ப காத்தாயிருச்சு. உளுந்து வாசம் மட்டும் சுத்திச் சுத்தி வருது. புள்ளைகளுக்குத் தோசை எதுல ஊத்த?"

நியாயம்தானே. ஜெஸிந்தா முடிவைத் திருப்பிக் கொடுத்தாள். எஃப் ஷார்ப் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அடுத்து ஃபாதரிடம் போனாள். காலைப் பூசையின் கடைசி ஆமென் எஃப் ஷார்ப்பில் முடிகிறது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த மெட்டைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். ஃபாதர் தாராள மனசுக்காரர். "ஆண்டவர்கிட்ட இல்லாத முடிவா? எடுத்துக்க ஜெஸிந்தா" என்றார். வெள்ளிக்கிழமைக் காலைப் பூசையில் ஆமென் ஆரம்பித்தது, முடியவில்லை. சனங்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆமென்னோடு பஸ் ஏறினார்கள். மீன் வாங்கப் போனவர்கள் ஆமென்னிலேயே பேரம் பேசிப் பார்த்து, படியாமல் திரும்பினார்கள். பத்து மணிக்கு ஃபாதரே ஜெஸிந்தா வீட்டு வாசலுக்கு வந்தார். வாய் ஆமென்னில் மாட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள்.

கிளீட்டஸ் வந்து இறங்கியபோது சுரம் வீட்டில்தான் இருந்தது. அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமையிலருந்து. நான் சரிபண்ணிருவேன். நீங்க குளிச்சிட்டு வாங்க" என்றாள் ஜெஸிந்தா.

அவன் ஒன்றும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு, அந்தச் சுரத்துக்குக் கீழேயே பாயை விரித்துப் படுத்து சாயங்காலம்வரை தூங்கினான். பயணக் களைப்பு என்று ஜெஸிந்தா நினைத்தாள். பாவி மனுஷன், இந்தச் சத்தத்திலும் தூங்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டாள். எந்த நேரத்திலும் அவன் பெட்டியைத் தூக்கிவிடுவான் என்ற பயத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பெட்டி இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

எஃப் ஷார்ப்பில் முடிகிறது வேறெது? தெரிந்ததையெல்லாம் நிரலில் போட்டுப் பார்த்தாள். துறைமுகத்துச் சங்கு, பள்ளிக்கூடத்து மணி, மாமியாரின் கொட்டாவி. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில், போனால் போகட்டும் என்று, கிளீட்டஸின் லீவைப் போட்டாள். நிரல் அதையும் மாற்றித் தந்தது. பெரும்பாலும் மௌனம், நடுநடுவே கொஞ்சம் தாளம், முடிவில் நீளமாக ஓர் எஃப் ஷார்ப். அதன் வாலில் அழகாக ஒரு நிறுத்து.

ஜெஸிந்தா யோசிக்கவே இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். யோசிக்கிறவள் பைத்தியக்காரி. வெட்டினாள், ஒட்டினாள். வீடு அமைதியாயிற்று. லீவுக்கு இனி முடிவு கிடையாது. அவள் சமையலறையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கிளீட்டஸிடம் சொன்னபோது அவன், "அப்படியா, நல்லது" என்றான். கம்பெனிக்குப் போன் போட்டுத் தன் லீவுக்கு இனி முடிவு கிடையாது என்று தெரிவித்தான். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. குட்டி போட்ட பூனை மாதிரி முன்னறைக்கும் கொல்லைக்கும் நடந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தான், எதையும் எடுக்காமல் அது முனகுகிறவரை நின்றான். மோட்டார் போடுகிற நேரம் தொட்டிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். தொட்டி நிரம்பி வழிந்தது. ஜெஸிந்தா மோட்டாரை நிறுத்தினாள். அவன் முகம் விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை என்கிற முகத்தோடு வீட்டைச் சுற்றி வந்தான்.

ஒருநாள் காலை சாப்பிடும்போது இட்லியைப் பிட்டபடியே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஜெஸி, எதிர்வீட்டு போர்வெல் ஞாபகம் இருக்கா?"

"அதை மறப்பேனா? அந்தச் சத்தம் பொறுக்காமத்தான நீங்க பாதியில போனீங்க."

"சத்தத்துனால போகல. தண்ணி வந்ததும் நிறுத்திட்டானுக. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல. அதான் போனேன்."

ஜெஸிந்தா கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வீட்டை அவ்வளவு அமைதியா வச்சிருந்த. எப்படிச் சொல்ல?"

அவளுக்குக் கோபம் வந்தது. எண்ணெய் விட்ட கீல், அனுப்பிய சேவல், தொடாமல் கொட்டிய மீன் குழம்பு எல்லாம் சேர்த்து வந்தது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன, முத்தா உதிர்ந்திரும்?" என்று கத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

லீவுக்கு முடிவைத் திருப்பிக் கொடுத்தால் சுரம் வரும், இவன் தூங்குவான், ஆனால் லீவு முடிந்துவிடும், போய்விடுவான். கொடுக்காவிட்டால் இவன் இருப்பான், தூங்கமாட்டான். கறுப்புத் திரையில் கோடு மினுங்கியது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அது மினுங்கும், அவசரம் அதற்கு இல்லை. அவசரமெல்லாம் அவளுக்குத்தான். உள்ளே கிளீட்டஸ் ஃபிரிட்ஜைத் திறக்கிற சத்தம் கேட்டது.

முடிவைப் பாட்டின் வாலிலிருந்து வெட்டினாள். லீவின் வாலில் ஒட்டவில்லை. தனியாக ஒரு ஃபைலாகச் சேமித்து வாசிக்கவிட்டாள். ஆரம்பமே இல்லாத முடிவு யாரையும் ஒன்றும் செய்யாது. வாசித்தது, ஒன்றும் கேட்கவில்லை, கோடு மினுங்கியது. அதை ஒலியாக மாற்றி, மஞ்சள் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே எஃப் ஷார்ப் எழுந்தது. கிளீட்டஸ் ஃபிரிட்ஜை மூடிவிட்டு வந்து, பாயைக்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்தான். ஜெஸிந்தா அவன் தலைக்குக் கீழே தலையணையைச் செருகும்போதே குறட்டை வந்துவிட்டது. அந்தக் குறட்டை என்ன சுரம் என்று அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளில் அவள் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

லீவு முடிந்திருக்க வேண்டிய நாளும் போயிற்று. அதற்கடுத்த திங்கட்கிழமை மத்தியானம் கப்பல் வந்தது. துறைமுகத்திலிருந்து பஜார் வழியாக வந்து, தெருவுக்குள் மெதுவாகத் திரும்பியது. திருவிழாச் சப்பரத்துக்குத் தூக்குகிற மாதிரி, கவைக் கம்பால் கரண்ட் வயரைத் தூக்கிவிட்டபடி மாலுமிகள் முன்னால் நடந்து வந்தார்கள். மரிய பாக்கியம் அக்கா வாசலில் காயப்போட்டிருந்த வடகத்தை அள்ளிக்கொண்டு வழி விட்டாள். நங்கூரத்தைத் தன் கேட்டில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் பெயிண்ட் உதிரக்கூடாது என்று சொன்னாள்.

காப்டன் ஏணி வழியாக இறங்கி வந்தார்.

"கிளீட்டஸ் இருக்காரா?"

"இருக்காக" என்றாள் ஜெஸிந்தா. "லீவு இன்னும் முடியல."

"பரவாயில்லம்மா. நாங்க காத்திருக்கோம்."

எஞ்சினை நிறுத்தச் சொல்லி மேலே சைகை காட்ட அவர் கையைத் தூக்கினார். ஜெஸிந்தா இரண்டே எட்டில் படியிறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஓடட்டும் சார். அவுக தூங்குதாக."

காப்டன் தலையை ஆட்டினார். தொப்பியையும் ஷூவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜெஸிந்தா கப்பலில் மொத்தம் எத்தனை பேருக்கு டீ போட வேண்டும் என்று கேட்டாள்.