பெட்டிக்குள் வைத்த பல்

வாருங்கள், இந்தக் கூடத்துப் பாயில் வந்து அமருங்கள். ஒரு பெண்ணை, அவளிடம் ஒரு சொல்லும் கேளாமல், கொடுக்கப்போகிறார்கள். அந்த அநீதிக்கு நீங்களும் சாட்சியாகுங்கள்!

சவுசவு என்னும் தீவு ஊரின் கரையில் இரண்டு படகுகளும், தேங்காய் உலர்த்தும் ஒரு கொப்பரைச் சூளையும் உடைய விதவை மெரெவாலேசி, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். முன்வரிசையில் அவள் அண்ணன் இசிகேலி. வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசலாகாது என்பது குல வழக்கம். முப்பது ஆண்டுகளாக அவர்கள் பேசியதில்லை. பெண் கேட்டு வருபவன் நீட்டும் திமிங்கிலப் பல்லை அண்ணன் வாங்கி, கூடியிருப்போர் கைதட்டிவிட்டால், முடிந்தது, அவள் அவனுக்குரியவள். அவளோடு படகும் சூளையும் போகும்.

இருவர் அவளைக் காதலித்தார்கள். காதலித்தார்கள் என்றா சொன்னேன்? பாடகர் குழுத் தலைவன் நெமானி, தேவாலயத்தில் அவள் பக்கம் திரும்பி நின்று சன்னல் அதிரப் பாடினான். பாடி முடித்ததும் சூளையின் கூரை ஒழுகுகிறதா என்று உருக்கமாக விசாரித்தான். மீன்பிடிக்கும் எபராமா, நரைக்கு மை பூசி வந்து, மழையில் கன்னமெல்லாம் கறுப்பாக வழிய, அவளுடைய படகுகளின் அழகைப் புகழ்ந்தான். அவள் முற்றத்தில் ஒருவன் வெட்டிய புல்லையே மற்றவன் மீண்டும் வெட்டினான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இன்று நெமானி மண்டியிட்டுப் பல்லை நீட்டினான். மூச்சிரைக்க உள்ளே பாய்ந்தான் எபராமா.

"டேய், அது என் பல்லுடா! அதுக்கு ஆறு பன்னி குடுத்திருக்கேன். இன்னிக்கு வந்து எடுத்துக்கோன்னாரு!"

"போடா, சாயம் போனவனே! என் வீட்டு ஜெனரேட்டரையே தூக்கிக் குடுத்திருக்கேன் நான்!"

"யாருகிட்ட?"

"நீ யாருகிட்ட?"

இருவரும் இசிகேலியைப் பார்த்தார்கள். கூடம் வெடித்துச் சிரித்தது. மெரெவாலேசியும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் அந்தப் பல்லின் கயிறு கண்ணில் பட்டது. தென்னை நாரோடு சிவப்புத் துணி. தன் திருமண உடையைக் கிழித்து அவளே பின்னியது. மூன்றாண்டுகளுக்கு முன், சவப்பெட்டிக்குள் கணவனின் விரல்களை மடக்கி, அவள் வைத்த பல். அவளை வெளியே அனுப்பிவிட்டு மூடிக்கு ஆணி அடித்தவன் இசிகேலி.

மெரெவாலேசி எழுந்தாள்.

"அண்ணே."

சிரிப்பு அறுந்தது. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அவரு கையில நான் வெச்சதுண்ணே அது. செத்தவரு விரலைப் பிரிச்சா எடுத்தீங்க? நான் யாரோடயும் வரமாட்டேன். என் சூளையும் வராது."

இசிகேலி அவளைப் பார்க்கவில்லை. வழக்கத்தை மீறாத நல்லவன் போல, பெரியவர்களிடமே சொன்னான்: "அவளை உக்காரச் சொல்லுங்க. சூளைக்கு ஒரு ஆம்பளை வேணும்." சொல்லிவிட்டு, நெமானியின் கையிலிருந்து பல்லை வாங்கிக்கொண்டான்.

செத்தவரின் கையிலிருந்து திருடியவனை அந்தக் கூடம் பொறுத்துக்கொண்டது. பேசிய பெண்ணைத்தான் முறைத்தது. அறுபது பேரின் உள்ளங்கைகள், பழக்கத்தால், மெல்ல உயர்ந்தன.

சாட்சிகளே, உங்கள் கைகளும் அங்கேதான் உயர்ந்து நிற்கின்றன. நின்றுகொண்டிருக்கும் அவள் முகத்தைப் பாருங்கள். தட்டாதீர்கள்! கைகளை இறக்குங்கள்!