பழுப்புக் கட்டி

சுவாதி அனுப்பிய வீடியோக்களுக்காக நான் எப்படியெல்லாம் காத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கல்லூரியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே மைக்ராஸ்கோப். நான் ஓசூரில் உயிரியல் டீச்சரானேன். அவள் எங்கள் ஊர் ஏரியை ஒட்டிய கம்பெனியில், கழிவுநீர் சுத்தம் செய்யும் பிரிவில் சேர்ந்தாள்.

"எவா, உங்க ஊர் ஏரித் தண்ணிடி. போற வழியில மொண்டேன். யாரு இவங்கல்லாம்னு சொல்லு."

மைக்ராஸ்கோப்பில் செல்போனை வைத்து எடுத்த வீடியோ அது. நான் வாய்ஸ் மெசேஜில் கொட்டித் தீர்த்தேன். "காம்பு மேல மணி மாதிரி நிக்குதே, அது வார்ட்டிசெல்லா. சீண்டினா ஸ்பிரிங் மாதிரி சுருங்கும் பாரு. செருப்பு வடிவத்துல உருண்டு போறது பாரமீசியம். எங்க ஏரில இவ்ளோ உசிரு இருக்காடி!"

அந்த ஏரித் தண்ணீரில்தான் அப்பா ரோஜா போட்டிருக்கிறார். இலையெல்லாம் கருகுகிறது, கம்பெனித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரைக் கூட்டி, ஏரிக்கு வரும் குழாயை அடைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். கூட்டம் நடந்த மறுநாள் போன் செய்தார்.

"நீ பேசினத கம்பெனிக்காரங்க ஸ்பீக்கர்ல போட்டாங்க பாப்பா. ஏரி நல்லா இருக்குதுன்னு நீயே சொல்லிட்ட. அதுக்கு மேல நான் என்னா பேச? உக்காந்துட்டேன்."

சுவாதிக்கு மட்டும் அனுப்பியது அது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் பள்ளி மைக்ராஸ்கோப்போடு ஊருக்குப் போனேன். ஏரியில் நான்கு இடத்தில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. அதையும் வீடியோ எடுத்துக்கொண்டு சுவாதியின் வீடியோக்களை மறுபடி ஓட்டினேன். இந்த முறை பூச்சிகளை விட்டுவிட்டு அவை நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். பஞ்சு பஞ்சாகப் பழுப்புக் கட்டிகள். கழிவுநீரில் காற்றடித்துக் கிருமி வளர்க்கும் தொட்டியில்தான் அப்படித் திரளும். ஏரியில் ஏது?

போன் போட்டேன்.

"உங்க கம்பெனித் தொட்டித் தண்ணிதானேடி அது?"

மறைக்காமல் சொன்னாள். "கேன்டீன், பாத்ரூம் தண்ணிதான் அந்தத் தொட்டிக்கு வரும். ஆசிட் தண்ணி நேரா ஏரிக்குப் போயிடும். ஏரி நல்லா இருக்குன்னு காட்ட ஏதாவது வேணும்னு மேனேஜர் கேட்டாரு எவா. முடியாதுன்னா வேலை போயிடும்."

"என்னை ஏண்டி இழுத்த?"

"உங்கப்பா வேற யார் சொன்னாலும் கேக்கமாட்டாரே. கட்டியைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவியோன்னு மொதல்ல பயந்தேன். அப்புறம் காலேஜ் பிராக்டிகல் ஞாபகம் வந்துது. நீ பூச்சியை மட்டும்தான் வரைவே. சுத்தி இருக்கறதையெல்லாம் நான்தானே வரைஞ்சு குடுப்பேன்."

போனை வைத்துவிட்டேன். வேலைக்காகப் பொய் சொன்னாள் என்றால்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். என் கண் எங்கே போகும், எங்கே போகாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வைத்திருந்து, அதையே எனக்கெதிராக எடுத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பாவிடம் நான் எடுத்த ஏரி வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் ஓடலையே?"

"ஓடாதுப்பா. எல்லாம் செத்துப்போச்சு. அன்னிக்கு சுவாதி காட்டினது ஏரித் தண்ணியே இல்ல. என்னை ஏமாத்திட்டா."

"ஊர்ல போயி இதச் சொன்னா, அன்னிக்கு உசிரு இருக்குதுன்னதும் உம்பொண்ணுதானேன்னு கேப்பாங்களே பாப்பா."

ஊரில் அப்பா பேச்சுக்கு இருந்த மரியாதையையும் என் குரலை வைத்தே தீர்த்துவிட்டார்கள். அவர் அந்தப் பழைய மெசேஜைப் போடச் சொன்னார். போட்டேன். எங்க ஏரில இவ்ளோ உசிரு இருக்காடி என்று என் குரல் சிரித்தது.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். "எவ்ளோ சந்தோசமா பேசியிருக்க" என்றார்.