பக்கத்து வீட்டுப் பூனைக்கும் கேளாத பெட்டி

யாக்கோப்பு மாஸ்ரர் பங்குக் கோயில் பாடகர் குழுவின் தலைவர். சுருதி பிசகினால் சொந்தப் பெண்சாதியையும் வரிசையால் இறக்கிவிடுகிற மனுசன். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதில் ரொக்கபிலி, கன்ட்ரி என்று அமெரிக்கப் பாட்டுகளில் ஆசைப்பட்டுக் கிற்றார் பழகினால், பிழைவிடுகிற சத்தம் ஊருக்குக் கேட்கலாமோ?

வவுனியா இசைக்கருவிக் கடையில் வியாபாரி நிஸார், கிற்றாருக்குப் பூட்டுகிற பெரிய அம்ப்ளிபயர்ப் பெட்டிகளாய்க் காட்டினான்.

"தம்பி, சத்தம் கூடினால் நயம் செத்துப்போம். வீட்டுக்குள்ள மெல்லமாய்க் கரகரத்து நிக்கிற தொனிதான் எனக்கு வேணும்."

"அப்ப இந்தச் சின்னதை எடுங்கோ மாஸ்ரர். ஹெட்போனைக் குத்தினால் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் கேளாது."

பூனைக்காகத்தான் வாங்கினார், நயத்துக்காக என்று ஊரில் சொன்னார்.

அடுத்தநாள் பின்னேரம் அறைக்குள் காதையும் கண்ணையும் மூடிக்கொண்டு வாசித்தார். காதுக்குள் கிற்றார் குதிரையாய்ப் பாய்ந்தது. வந்த புளுகத்தில், சந்தோசம் தாங்காமல், கூடவே பாடினார். அமெரிக்க மாட்டுக்காரர் மாதிரி இடையிடையே ஊளையும் இட்டார்.

கண்ணைத் திறந்தால், சந்தையால் வந்த மனைவி புனிதமலரும் பாடகர் குழுப் பெண்களும் செபமாலையோடு முழந்தாளில் நிற்கிறார்கள். அவசரமாய் ஹெட்போனைக் கழற்றினார்.

"எங்க நோகுது மாஸ்ரர்?" குழுப் பெண் கம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கள் குளறினது கடற்கரை மட்டுக்கும் கேட்டது."

"பாவம், தன்ர சத்தம் தாங்கேலாமல் தானே காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்" என்றாள் புனிதமலர்.

பாடினேன் என்றால் பாடகர் குழுத் தலைவரின் மானம் போய்விடும். மாஸ்ரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துக்குள்ளதான்" என்றார்.

படுக்க வைத்து மல்லித்தண்ணி பருக்கினார்கள். பிறகு செபமாலை தொடங்கியது. தன் வயிற்று வருத்தம் மாற வேண்டுமென்று மாஸ்ரரும் சேர்ந்து மன்றாடினார், மெல்லிய குரலில்.