தானாகக் குளிர்ந்த கார்

ரத்தம் எடுக்க வீடு வீடாகப் போகிறவளுக்கு 'ஊசி அக்கா' என்றே பெயராகிவிட்டது. எண்பது வயதுக் கிழவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஊசியைக் கண்டதும் யாருக்கும் தன் வயது ஞாபகம் இருப்பதில்லை போலும். கெட்டிக்காரிதான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்தது கெட்டிக்காரி செய்கிற காரியமில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் அன்று வரவில்லை. இரண்டு வயதுப் பையனைப் பின் சீட்டில் கட்டி உட்காரவைத்துக் காலை முழுக்கச் சுற்றினாள். மத்தியானம் லேபுக்கு வந்தபோது அவன் தூங்கிப்போயிருந்தான். எழுப்பினால் ஊரைக் கூட்டுவான். சாம்பிள் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று காரைப் பூட்டிவிட்டுப் போனாள். உள்ளே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒவ்வொரு குழாய்க்கும் கையால் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதுகிற மும்முரத்தில், என்னத்தைச் சொல்ல, பெற்ற பிள்ளை மறந்துபோய்விட்டது.

நினைவு வந்ததும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கைப்பிடி சுட்டது. கதவைத் திறந்தால், உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பையன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். காது மடல் ஜில்லென்று இருந்தது.

ஏசியை அணைத்துவிட்டுத்தான் போனாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன உயிர் திரும்பி வந்ததென்னவோ உண்மை. ஆனாலும் அந்தக் குளிர் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அவர். அந்த எலக்ட்ரிக் காரை மூன்று வாரம் முன்புதான் செகண்ட் ஹேண்டில் வாங்கினாள் என்று கேட்டதும் லேப்டாப்பை மாட்டினார். நிறுத்தியிருக்கும்போது பேட்டரி சூடேறினால் இந்த வண்டி தானாகவே பம்பை ஓட்டிப் பேட்டரியைக் குளிரவைத்துக்கொள்ளுமாம். பேட்டரியை மட்டும்தான். ஆள் உட்காருகிற இடம் எப்படிக் கொதித்தாலும் அதற்குக் கவலையில்லை. பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று வாரத்தில் பத்தொன்பது தடவை பேட்டரி குளிர ஆரம்பித்திருந்தது. பத்தொன்பது தடவையும் அரை நிமிடத்துக்குள் உள்ளே ஏசி ஓடியிருந்தது.

"இது வண்டி பண்ற வேலை இல்லம்மா. பேட்டரி சூடானா போனுக்கு மெசேஜ் போகும். அதைப் பாத்துட்டு யாரோ ஏசி போடறாங்க. பழைய ஓனர் போன் இன்னும் இதோட கனெக்ட் ஆகியிருக்கு. எடுத்துடட்டுமா?"

அவளுக்குப் புல்லரித்தது. மூன்று வாரமாக முகம் தெரியாத ஒருத்தர் தன் காருக்குள் கைவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, விற்பனைப் பத்திரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். யார் என்றுகூடக் கேட்கவில்லை. இந்தப் போனுக்காகவே காத்திருந்தவள் மாதிரி பேசினாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஆபீஸ் வாசலில் இதே காரை நிறுத்தி, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வர உள்ளே போனாளாம். போன இடத்தில் மேலதிகாரி பிடித்து உட்காரவைத்துவிட்டாராம்.

"மெசேஜ் வந்துச்சு. பேட்டரி சூடாகுது, குளிர வைக்கிறேன்னு. வண்டி தன்னைப் பாத்துக்கும்னு போனைக் கவுத்து வெச்சுட்டேன். போய்ப் பாத்தப்ப பேட்டரி இருபத்தஞ்சு டிகிரியில பத்திரமா இருந்துச்சு. பாப்பா பின் சீட்ல இருந்தா."

மெக்கானிக் விரலை அழிக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோய் மறுபடி ஜாடையில் கேட்டார். ஊசி அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கேட்காமலே அவள் வாயிலிருந்து வந்தது:

"நேத்து நானும் பையனை விட்டுட்டுப் போனேன். ரெண்டு நிமிஷந்தான்."



"கதவு மூடினதுலேர்ந்து திறக்கிற வரைக்கும் இருபத்தாறு நிமிஷம். நான் போன்ல பாத்துட்டேதான் இருந்தேன்" என்றாள் அந்தப் பெண். "நானும் எல்லார்கிட்டயும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னேன்."